கால் கட் ஆனா யார் திரும்ப கூப்பிடணும்? (கேம் தியரி டவுட்)

அரைகுறை: ஃப்ரெண்டோட பேசிட்டு இருக்கும்போது கால் கட் ஆச்சு. உடனே அடிச்சா பிஸி, சரி அவனும் அடிக்கிறான் போலன்னு நான் விட்டுட்டேன், அவனும் அதையே நினைச்சு விட்டுட்டான், ரெண்டு நிமிஷம் போனையே முறைச்சு பாத்துட்டு உக்காந்திருந்தேன். கேம் தியரின்னா, அதாவது அடுத்தவன் என்ன பண்ணுவான்னு பாத்து நாம முடிவெடுக்குற கணக்குன்னா, எனக்கு தெரிஞ்சது போலீஸ்ல மாட்டுன ரெண்டு கைதிகள் கதை மட்டும் தான், அதுல ஒருத்தன ஒருத்தன் மாட்டி விடணும். இங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஆசை தானே? சாதாரண பேச்ச இப்படி யாராச்சும் ஆராய்ஞ்சிருக்காங்களா?

கணக்குப்பிள்ளை: உங்க கதைய டேவிட் லூயிஸ்னு ஒரு தத்துவவாதி 1969லயே உதாரணமா எழுதிட்டார் 😀 இது போட்டி இல்ல, ஒத்துப்போற ஆட்டம். நீங்க அடிச்சு அவர் காத்திருந்தாலும் சரி, அவர் அடிச்சு நீங்க காத்திருந்தாலும் சரி, ரெண்டுமே நாஷ் சமநிலை தான், அதாவது ஒருத்தர் மட்டும் தனியா முடிவ மாத்துனா அவருக்கு லாபம் இல்ல. எதுன்னு முடிவு பண்றது தான் தலைவலி. முதல்ல கூப்பிட்டவரே திரும்ப கூப்பிடணும்னு ஒரு பழக்கம் ஊறிட்டா பிரச்சனையே இல்ல. சொல்லுக்கு அர்த்தம் வர்றதும் இதே மாதிரி பழக்கத்துல தான்னு அவர் வாதம்.

சும்மாதான்: எனக்கு இத விட சுத்தி வளைச்சு பேசுறது தான் சுவாரஸ்யம். பிங்கர், நோவாக், லீன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 2008ல எழுதுனாங்க, போலீஸ்கிட்ட லஞ்சத்த ஜாடையா நீட்டுனா வாங்குறவர் புரிஞ்சுப்பார், நேர்மையானவர்னா ஃபைனோட போயிடும், கேஸ் போட முடியாது. ஆனா எனக்கு தெரிஞ்ச ஒருத்தன் கடன் கேக்குற ஸ்டைல பாருங்க, "இந்த மாசம் ரொம்ப டைட்டு டா"ன்னு சொல்லிட்டு கப்சிப். நான் "எனக்கும் தான் டா"ன்னா அவன் கேக்கவும் இல்ல, நான் மறுக்கவும் இல்ல. ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியும், ஆனா தெரிஞ்சதா காட்டிக்க வேண்டாம், நட்பு தப்பிச்சுது.

டேப்ரெக்கார்டர்: எல்லாம் சரி, கேம் தியரில ஒவ்வொரு முடிவுக்கும் லாப நஷ்ட மார்க் போடணுமே, "நட்பு தப்பிச்சுது"க்கு எத்தனை மார்க்? அத யார் போடுறது? எனக்கு உரையாடல ஆராய்ஞ்ச சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் வழி தான் பிடிக்கும், நிஜ பேச்ச ரெக்கார்ட் பண்ணி கேட்டு 1974ல அடுத்து யார் எப்போ பேசுறாங்கன்னு விதிகள எழுதுனாங்க. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல சராசரியா 200 மில்லிசெகண்ட் பக்கம் தான் இடைவெளி, அதுக்குள்ள எவன் உக்காந்து லாப நஷ்டம் பாக்குறான்?

கணக்குப்பிள்ளை: பாக்கணும்னு அவசியம் இல்லையே. பரிணாம கேம் தியரில யாரும் யோசிக்கவே வேண்டாம், பலிச்ச பழக்கம் பரவும், பலிக்காதது மறையும். மார்க் யார் போடுறதுன்னு கேட்டீங்க பாருங்க, அது நியாயமான அடி, ஒத்துக்குறேன்.

அரைகுறை: நேத்து மறுபடி கட் ஆச்சு. முதல்ல கூப்பிட்டது அவன், அதனால ரூல்படி கம்முனு காத்திருந்தேன். பத்து நிமிஷம் கழிச்சு மெசேஜ், "கோவமா?"ன்னு. அந்த ரூல அவனுக்கு சொல்லவே இல்லன்னு அப்போ தான் உறைச்சுது.