மறு: ‘பயனர் பின்னூட்டம்’, ‘எச்சரிக்கை’ – விசைப்பலகைக்கும் அச்சுப்பொறிக்கும் என்ன சொல் போடலாம்?

வணக்கம் அனைவருக்கும்.

> ‘பயனர் பின்னூட்டம், எச்சரிக்கைகள் வழியாக விசைப்பலகைகளையும் அச்சுப்பொறிகளையும் மேம்படுத்தும் கண்டுபிடிப்புகள்’ – காப்புரிமைச் சுருக்கங்களின் தொகுப்புக்கு இப்படித் தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?

இலக்கணப்படி சரிதான் ஐயா. ஆனால் இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? யாரோ வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்டு, அவர்கள் சொன்ன குறைகளை வைத்து விசைப்பலகையைத் திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அந்தச் சுருக்கங்களில் பெரும்பாலும் இருப்பது அது இல்லையே. அங்கே சொல்வது கருவி, கேட்டுக்கொள்வது பயனர். விசையை அழுத்தினால் ஒரு ‘டக்’, விரலுக்கு ஒரு தட்டு, ஓரத்தில் ஒரு விளக்கு. தாள் சிக்கினால் திரையில் ஒரு வரி. திசையே தலைகீழாக இருக்கிறது.

பின்னூட்டம் மோசமான சொல் இல்லை. வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து உள்ளீட்டுக்கே திரும்ப ஊட்டுவது என்ற பொறியியல் பொருளுக்கு அச்சாகப் பொருந்தும். 1927இல் பெல் ஆய்வகத்தில் ஹெரால்ட் பிளாக் கண்டுபிடித்த எதிர்மறைப் பின்னூட்டப் பெருக்கிக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் வலைப்பதிவுகள் வந்த பிறகு, பதிவுக்குக் கீழே வாசகர் எழுதுவதுதான் பின்னூட்டம் என்று ஆகிவிட்டது. அதை இனி யாராலும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

> ஃபீட்பேக் என்றே எழுதிவிட்டுப் போகலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் சிக்கலே. ‘ஃபீட்பேக் கொடுங்க’ என்றால் நாம் எல்லோரும் கருத்துச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறோம். கடன் சொல்லை எடுத்தாலும் அதே குழப்பம் கூடவே வந்துவிடும்.

> ‘தொட்டுணர் எதிர்வினை’ என்று வைக்கலாம்.

தொடு உணர்வுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. ஒலிக்கும் விளக்குக்கும் என்ன செய்வீர்கள்? அதைவிட முக்கியம், விசைப்பலகையில் நடப்பது ஒரே வகையான ‘பதில்’ இல்லை. இதைப் பிரிக்காமல் சொல் தேடினால் எந்தச் சொல்லும் பாதிக்குத்தான் பொருந்தும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎம்மின் மாடல் எம் விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம், 1985இல் வந்தது, இன்றும் அதற்காக உயிரை விடுகிற ஆட்கள் உண்டு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில். அழுத்த அழுத்த அது சுருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். மடங்கும்போது அடியிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலைத் தள்ளும், சுத்தியல் கீழேயுள்ள மென்தகட்டைத் தட்டும், மின்தொடர்பு ஏற்படும். விரலுக்குத் தெரிகிற அந்த நழுவலும், காதில் விழுகிற சத்தமும், எழுத்து பதிவாவதும் ஒரே நொடியில். ‘போதும், கையை எடு’ என்று விசையே சொல்லிவிடுகிறது. மலிவான ரப்பர் குமிழ் விசைப்பலகையில் இந்த ஒற்றுமை கிடையாது. குமிழ் முதலில் சட்டென்று அமுங்கும், தொடர்பு அதற்கப்புறம் அடியைத் தொட்டால்தான் ஏற்படும். விரலுக்கு ‘அழுத்திவிட்டேன்’ என்று தெரிந்த பிறகும் எழுத்து விழாமல் போகலாம். அதனால்தான் அவற்றில் தட்டுபவர்கள் ஒவ்வொரு விசையையும் அடிவரை இடிக்கிறார்கள்.

இரண்டு வகையிலும் சொல்வது விசையின் உடல். கணினிக்கு இதில் பங்கே இல்லை. கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் மாடல் எம் சத்தம் போடும்.

இப்போது கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். விசையை அழுத்தியதும் விளக்கு எரிகிறது, ஆக அதுவும் விசைப்பலகையின் வேலை என்றுதான் தோன்றும். வழக்கமான பிசி விசைப்பலகைகளில் அப்படி இல்லை. விசைப்பலகை ‘இந்த விசை அழுத்தப்பட்டது’ என்று மட்டும் கணினிக்குச் சொல்லும். கணினி அதை வாங்கிக்கொண்டு, நிலையை மாற்றி, ‘விளக்கைப் போடு’ என்று திருப்பிக் கட்டளை அனுப்பினால்தான் விளக்கு எரியும். கணினி உறைந்துபோனதா என்று பார்க்கக் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. விளக்கு மாறினால் உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

கைபேசியின் கண்ணாடித் திரை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே கீழே போக விசையே இல்லை. மென்பொருள் தொடுதலை வாங்கிக்கொண்ட பிறகுதான் அதிர்வுக் கருவி ஒரு துடிப்பு கொடுக்கும். ஆப்பிள் தன் ஐபோன் விசைப்பலகைக்கு இதை 2022இல் ஐஓஎஸ் 16இல் சேர்த்தது. 2015இல் அவர்கள் மடிக்கணினியில் வைத்த தொடுபலகையும் இதே கதைதான்: அழுத்தினால் உள்ளே போவதுபோல் இருக்கும், உண்மையில் அசையாது, அதிர்வுதான் விரலை ஏமாற்றுகிறது. மின்சாரம் இல்லாதபோது அழுத்திப் பாருங்கள், கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு இரண்டு சொற்கள். விசை தன் அமைப்பாலேயே விரலுக்கும் காதுக்கும் தெரியப்படுத்துவது விசையுணர்த்தல். கணினி வாங்கிக்கொண்டு, வாங்கிக்கொண்டேன் என்று திருப்பிக் காட்டுவது ஏற்புக்குறி. அதிர்வு ஏற்புக்குறி, ஒலி ஏற்புக்குறி, விளக்கு ஏற்புக்குறி என்று வேண்டியபடி நீட்டிக்கொள்ளலாம்.

ஏற்புக்குறி எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அதன் எதிர்ச்சொல் தானாக வந்து நிற்கிறது: மறுப்புக்குறி. பழைய ஐபிஎம் பிசியில் தட்டும் விசைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள 15 விசைகளுக்குத்தான் இடம். நிரல் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது நீங்கள் தட்டிக்கொண்டே போனால் பதினாறாவதுக்கு ‘பீப்’ என்று கத்தும். அது ஏற்பு இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ‘இதை நான் வாங்கவில்லை’ என்கிறது. இதைப் பின்னூட்டம் என்ற ஒரே மூட்டையில் போட்டால் எழுதுபவருக்கும் கஷ்டம், படிப்பவருக்கும் கஷ்டம். விண்டோஸில் கேப்ஸ் லாக் போட்டால் உயர்ந்த ஒலியும் எடுத்தால் தாழ்ந்த ஒலியும் தருகிற வசதி இருக்கிறதே, பார்வையற்றவர்களுக்கு மிகவும் உதவுவது, அதையும் ‘ஒலி ஏற்புக்குறி’ என்றால் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

சரி, அச்சுப்பொறிக்கு வருவோம்.

> அலர்ட் எல்லாவற்றுக்கும் ‘எச்சரிக்கை’ போதும்.

போதாது. எச்சரிக்கை என்றால் ஏதோ ஆபத்து வரப்போகிறது, தள்ளி நில் என்று பொருள். அச்சுப்பொறி கேட்பது நேர் எதிர்: எழுந்து இங்கே வா. தட்டில் தாள் இல்லை, வந்து வை. மூடி திறந்திருக்கிறது, வந்து மூடு. அதனால் நான் சொல்லும் சொல் ஆளழைப்பு. கொஞ்சம் கொச்சையாகத் தெரிகிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், வேலை செய்கிற சொல்.

இது வெறும் என் கற்பனை இல்லை. வலையமைப்பில் உள்ள அச்சுப்பொறிகளைக் கண்காணிப்பதற்கான தரநிலை 1995இல் வந்தது, 2004இல் திருத்தப்பட்டது. அதில் ஒவ்வொரு அலர்ட்டோடும் எவ்வளவு தீவிரம் என்பது மட்டுமல்ல, யார் வரவேண்டும் என்பதும் தனிப் புலமாகவே இருக்கிறது: பயிற்சி இல்லாத யாரும் போதுமா, பயிற்சி பெற்றவர் வேண்டுமா, பழுதுபார்க்கும் களப்பணியாளரா, மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவரா என்று. தாள் வைக்க யாரும் போகலாம், சூடேற்றும் உருளை போய்விட்டால் களப்பணியாளர்தான். ஆக அழைப்பில் ஆள் இருக்கிறார். அதே தரநிலையின் திருத்தத்தில் ‘யாரும் வரத் தேவையில்லை’ என்றும் ஒரு மதிப்பு உண்டு. அதைக் காட்டி என்னை மடக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதற்குப் பெயர் தகவல்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் கதை இந்தக் குழுவில் பலருக்குத் தெரியும். இந்தக் கோணத்தில் பார்த்திருக்க மாட்டோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அச்சுப்பொறி ஒரு மாடியில், ஆட்கள் வேறு மாடியில். தாள் சிக்கி அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும், போய்ப் பார்த்தால்தான் தெரியும். அவரால் பொறியின் சிக்கலைச் சரிசெய்ய முடியவில்லை, அதனால் மென்பொருளைத் திருத்தினார்: சிக்கினால், அச்சுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களின் திரையில் மட்டும் செய்தி வரும். எல்லோருக்கும் இல்லை, போய்ச் சரிசெய்ய யாருக்கு அவசரமோ அவர்களுக்கு. ஆளழைப்பு என்றால் இதுதான். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் கொடுத்த புதிய லேசர் அச்சுப்பொறிக்கு மூல நிரல் கிடைக்கவில்லை, அதே திருத்தத்தைச் செய்ய வழியில்லாமல் போனது. அந்த எரிச்சலும் சேர்ந்துதான் 1983இல் கட்டற்ற இயங்குதளத்துக்கான குனு திட்டம் வரை போனது.

வகைப்படுத்தலில் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஐபிபி என்ற இணையவழி அச்சு நெறிமுறை ஏற்கெனவே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. சும்மா தெரிவிப்பது தகவல். இன்னும் ஓடுகிறது, சீக்கிரம் கவனிக்கவேண்டும் என்பது முன்னழைப்பு. நின்றே விட்டது என்பது ஆளழைப்பு. டோனர், அதாவது லேசர் அச்சின் மைத்தூள், குறைவது முன்னழைப்பு, டோனர் தீர்ந்து நிற்பது ஆளழைப்பு.

டோனர் என்றதும் ஒரு விஷயம். பல லேசர் பொறிகள் டோனரை நேரில் அளப்பதில்லை, அச்சிட்ட பக்கங்களையும் புள்ளிகளையும் எண்ணிக் கணக்குப்போட்டுச் சொல்கின்றன. ஆகவே ‘டோனர் தீரும் நிலை’ என்று எழுதுங்கள், ‘தீர்ந்தது’ என்று முந்திரிக்கொட்டையாக எழுதவேண்டாம். நல்ல டோனர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

> பேப்பர் ஜாம் = தாள் நெரிசல்

ஐயோ, வேண்டாம். நெரிசலுக்குக் கூட்டம் வேண்டும். ஒற்றைத் தாள் எப்படி நெரிசலில் மாட்டும்? ‘தாள் சிக்கல்’ இருக்கவே இருக்கிறது, செய்தியாக வரும்போது ‘தாள் சிக்கியுள்ளது’. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சிக்கியதைப் பொறி கண்ணால் பார்ப்பதில்லை. தாள் போகும் வழியில் ஆங்காங்கே சின்னப் பிளாஸ்டிக் நெம்புகள் இருக்கும், தாள் வந்து தள்ளினால் நெம்பின் மறுமுனை ஓர் ஒளிக்கற்றையை மறிக்கும் அல்லது விடும். குறித்த நேரத்துக்குள் தாள் வந்து சேரவில்லை என்றாலோ, வந்தது விலகவில்லை என்றாலோ ‘சிக்கியுள்ளது’ என்று முடிவுகட்டிவிடும். கிழிந்த தாளில் நகக்கண் அளவுத் துண்டு அந்த நெம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் போதும், பாதையே காலியாக இருந்தாலும் சிக்கியுள்ளது, சிக்கியுள்ளது என்று அடம்பிடிக்கும். அதனால் செய்தியில் எந்த இடத்து உணரி என்பதும் வரவேண்டும்: ‘பின்கதவருகே தாள் சிக்கியுள்ளது’.

எப்படி எழுதக்கூடாது என்பதற்குப் பழைய எச்பி லேசர்ஜெட் உலகப் புகழ்பெற்றது. ‘பிசி லோட் லெட்டர்’ என்று ஒற்றை வரித் திரையில் வரும். பிசி என்றால் கணினி இல்லை, தாள் தட்டு. லெட்டர் என்றால் கடிதம் இல்லை, 216க்கு 279 மில்லிமீட்டர் தாள் அளவு. அந்த அளவுத் தாளைத் தட்டில் வை என்று கேட்கிறதாம். ஆளைக் கூப்பிட்டது, எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. தமிழில் ‘தட்டில் லெட்டர் அளவுத் தாள் வைக்கவும்’ என்றால் முடிந்தது. நீளம் இடிக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் காலத்து எழுத்துத் திரைகளில் பலவற்றில் ஓர் எழுத்துக்கு 5க்கு 8 புள்ளிக் கட்டம்தான், அதில் ‘ழை’ என்று ஒன்றை எழுதிப் பாருங்கள், நீளம் எவ்வளவோ தேவலாம் என்று தோன்றும். இப்போது வரும் வரைகலைத் திரைகளில் அந்தத் தொல்லை இல்லை.

விளிம்பில் நிற்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பதற்குள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரல் செயலிழந்து நின்றால் சில கணினிகளில் விசைப்பலகை விளக்குகள் விட்டுவிட்டு மின்னும். விளக்கு அதேதான், ஆனால் நீங்கள் எதையும் அழுத்தவில்லை, எதையும் அது ஏற்கவும் இல்லை. ஆகவே அது ஆளழைப்பு. எந்த உறுப்பு வழியாக வருகிறது என்று பார்க்காமல், என்ன சொல்கிறது என்று பார்த்துச் சொல்லைப் போடவேண்டும்.

தலைப்பை இப்படி மாற்றிப் பார்க்கிறேன்: ‘ஏற்புக்குறிகள், ஆளழைப்புகள் வழியாக விசைப்பலகைகளையும் அச்சுப்பொறிகளையும் மேம்படுத்தும் கண்டுபிடிப்புகள்’. விசையுணர்த்தல் தலைப்பில் வரவேண்டியதில்லை, உள்ளே வரட்டும்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. இணைமுனை (பேரலல் போர்ட்) அச்சுப்பொறிக்கான லினக்ஸ் இயக்கி, பொறி பிழை என்கிறது, ஆனால் தாளும் இருக்கிறது, இணைப்பிலும் இருக்கிறது என்றால், ‘எல்பி0 தீப்பற்றி எரிகிறது’ என்று எழுதும்; எல்பி0 என்பது அந்த அச்சுப்பொறிக்கு லினக்ஸ் வைத்த பெயர். பழைய யூனிக்ஸ் கிண்டல். தமிழாக்கக் கோப்பில் அதை அப்படியே வைப்பதா, ‘காரணம் தெரியாத பிழை’ என்று அடக்கி வாசிப்பதா? என் ஓட்டு தீக்குத்தான். மாற்றுக்கருத்து இருந்தால் இதே இழையில் எழுதுங்கள், ஏற்புக்குறிக்கும் ஆளழைப்புக்கும் மறுப்பு இருந்தாலும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.