புதுப்பிப்பு: குல்மார்க் பனிப் படங்கள் சாம்பலாக விழுந்த காரணம்

போன தை மாதம் காஷ்மீரின் குல்மார்க்கில் நான் எடுத்த படங்களில், வெண்பனி முழுவதும் பழுப்பேறிய வேட்டியைப் போல மங்கிச் சாம்பலாகத் தெரிவது ஏன் என்று கார்த்திகையில் இங்கே கேட்டிருந்தேன். கேமராவில் பழுதில்லை. அதன் ஒளிமானி எந்தக் காட்சியையும் ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பலாகக் கொண்டே அளப்பதால், படச்சட்டம் நிறையப் பனி இருக்கும்போது தேவைக்குக் குறைவான ஒளியையே உள்ளே விடுகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா தானாகக் கணிக்கும் ஒளியளவை நாம் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பை) +1 முதல் +2 வரை உயர்த்தி, ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுபடியும் காஷ்மீர் செல்ல இப்போது வழியில்லை. ஆகவே, மார்கழி விடியலில் திருவையாற்றுப் படித்துறையிலிருந்து, காவிரியின் மேல் படிந்திருந்த மூடுபனியை வைத்து இதைச் சோதித்தேன். மூடுபனி, வெயில் படும் பனித்தரையின் அளவுக்கு ஒளிர்வதில்லை என்பதால் +1 போதுமானதாக இருந்தது. அக்கரைத் தென்னைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்து மறைவது முதன்முறையாகக் கண்ணில் கண்டபடியே படத்திலும் வந்தது.

குல்மார்க் படங்களின் நீல நிழல்களை நான் முழுவதுமாக நீக்கவில்லை. நேர்வெயில் படாத பனியில் நீல வானத்தின் ஒளியே விழுகிறது. அந்த நீலம்தான் குளிரை உணர்த்துகிறது.

குளிரிலிருந்து அறைக்குள் வந்ததும் லென்ஸில் நீர் பூத்ததற்கும் விடை கிடைத்தது: வெளிக்குளிரிலேயே கேமராவைக் காற்றுப்புகாத நெகிழிப் பையில் மூடி, அறைக்குள் கொண்டுவந்து, அது அறையின் வெப்பத்தை அடைந்த பிறகே திறக்க வேண்டும்.