பெரம்பூர் வீட்டுக் குழு: சரசு அத்தை

முரளி: அம்மாவுக்கு மாரடைப்பு. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சாச்சு. ஐசியூல இருக்காங்க. பேசறாங்க. ஒருத்தரைத்தான் உள்ள விடறாங்க, யாரும் கிளம்ப வேண்டாம்

மாலா சித்தி: முருகா 🙏

கணேசன் சித்தப்பா: நேத்து போன்ல அக்கா கேஸ் ட்ரபிள்னுதானேடா சொன்னாங்க

முரளி: தெருமுனை கிளினிக்ல கேஸுக்கு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க மாமா. ஈசிஜியே எடுக்கல

கணேசன் சித்தப்பா: நெஞ்சு வலி?

முரளி: இல்ல. தாடையும் முதுகும் வலி, வாந்தி வர்ற மாதிரி. ராத்திரி வேர்த்துக் கொட்டுச்சு, அப்புறம்தான் 108

மாலா சித்தி: (ஃபார்வர்ட்) மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்! உயிர் பிழைக்கலாம்! 10 பேருக்கு அனுப்புங்கள்

ரேவதி அக்கா: சித்தி அது பொய். இருமிக்கிட்டு நேரத்தை விட்டுடாதீங்க, 108க்குதான் கூப்பிடணும். எல்லாரும் இதைப் படிங்க. பொம்பளைங்களுக்கும் மாரடைப்புன்னா நெஞ்சு வலிதான் அதிகம். ஆனா அதோட சேர்ந்தோ, அது இல்லாமலோ தாடை, முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கறது, அசதி இதெல்லாம் ஆம்பளைங்களைவிட அவங்களுக்கு அதிகமா வரும். அதைத்தான் கேஸு, டென்ஷன்னு தள்ளிடறாங்க. வார்டுல பாத்துப் பாத்து வயிறு எரியுது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும். அது சரியா இருந்தாலும் வலி நிக்கலைன்னா திரும்ப எடுக்கணும், ரத்தத்துல ட்ரோபோனின் (இதயத் தசை பாதிச்சா ஏறும்) பாக்கணும். வாய் விட்டுக் கேளுங்க

செல்வி: ஞாயித்துக்கிழமை திவ்யா வளைகாப்பு?

கணேசன் சித்தப்பா: சமையல்காரருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு

திவ்யா: அத்தைதான் முதல் வளையல் போடணும். ஒன்பதாம் மாசம் வெச்சுக்கலாம்

மாலா சித்தி: எங்க கிரகப்பிரவேசத்துக்கே அண்ணி வரல

கணேசன் சித்தப்பா: மாலா

மாலா சித்தி: மனசு கேக்கல, அதான் சொன்னேன். நல்லபடியா வீட்டுக்கு வரட்டும்

ரேவதி அக்கா: முரளி, நீ வயித்துல இருந்தப்போ அத்தைக்கு பிபி ஏறி எழும்பூர் ஆஸ்பத்திரில சேர்த்தாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. அதை டாக்டர்கிட்ட சொன்னியா? கர்ப்பத்துல அப்படி பிபி ஏறி சிக்கலானவங்களுக்குப் பின்னாடி மாரடைப்பு, பக்கவாதம் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 2 மடங்கு. யாரும் கேக்கறதில்ல, நாமளும் சொல்றதில்ல. திவ்யா, உன் கர்ப்பகால சுகரும் அப்படித்தான். பிரசவத்தோட போயிடும்னு விடாத. குழந்தை பொறந்து 4-லேர்ந்து 12 வாரத்துக்குள்ள சுகர் டெஸ்ட், அப்புறமும் விடாம பாக்கணும்

திவ்யா: சரிக்கா

முரளி: சொல்லல. இப்பவே சொல்றேன்

மாலா சித்தி: ரேவதி, எனக்கும் மாடி ஏறினா மூச்சு வாங்குது. வெயிட் போட்டதாலதானே?

கணேசன் சித்தப்பா: என்கிட்ட சொல்லவே இல்ல?

ரேவதி அக்கா: எப்போலேர்ந்து சித்தி? சித்தப்பா, உங்களுக்கு வருஷா வருஷம் ஆபீஸ்ல எல்லா டெஸ்டும் எடுக்கறாங்க. சித்திக்குக் கடைசியா எப்போ பிபி பாத்தீங்க? மாதவிடாய் நின்ன பிறகு பிபி, கொழுப்பு ரெண்டும் ஏற ஆரம்பிக்கும். நாளைக்குக் காலைல நான் வந்து கூட்டிட்டுப் போறேன்

மாலா சித்தி: ஃபங்ஷன் முடியட்டும்மா

ரேவதி அக்கா: சித்தி

கணேசன் சித்தப்பா: நான் கூட்டிட்டு வரேன் ரேவதி

செல்வி: அப்போ ஞாயிறு இல்லையா? பூக்காரம்மாவுக்குச் சொல்லணும்

முரளி: அம்மாவோட பழைய ஃபைல் கேக்கறாங்க. பெரிய பீரோல இருக்கும். சாவி யார்கிட்ட?

மாலா சித்தி: என்கிட்ட இல்லப்பா, அப்பவே உங்க அம்மாகிட்ட குடுத்துட்டேன்

முரளி: அம்மா உங்ககிட்டதான்னு சொல்றாங்க அத்தை