படிக்கும்போது பாட்டு ஓடலாமா, கூடாதா?

லைன்வீடு_குன்னூர்: குரூப் 4-க்கு படிக்கிறேன். எங்களுது எஸ்டேட் லைன் வீடு, நடுவுல ஒரே ஒரு செவுருதான், பக்கத்து வீட்டு சீரியல் வசனம் பூரா இங்க கேக்கும், மேல தகர ஷீட்ல மழை வேற. அதனால ஹெட்செட்ல பாட்டு போட்டுட்டுதான் உக்கார்றேன். "பாட்டு கேட்டா படிப்பு எப்படிடா ஏறும்"னு அப்பா டெய்லி சத்தம். யாரு சரி?

கோத்தகிரி_டீச்சர்: அப்பாதான் சரி தம்பி. மனசுக்குள்ள ஒரு வரிய திருப்பித் திருப்பி சொல்லித்தான மனப்பாடம் பண்றோம், அதே நேரத்துல காதுக்குள்ள ஒருத்தர் வேற வரி பாடுனா எது நிக்கும்? குரூப் 4-ல 200 கேள்வில 100 தமிழ். நூல், ஆசிரியர், அடைமொழி எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கணும்.

ஊட்டி_நைட்ஷிப்ட்: ஏங்க்கா, மொசார்ட்டோட வெஸ்டர்ன் மியூசிக் கேட்டா மூளை வேகமா வேலை செய்யும்னு ஆராய்ச்சியே இருக்கே, அதெல்லாம் பொய்யா?

கோத்தகிரி_டீச்சர்: அத முழுசா படிச்சீங்களா? 1993-ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்தது. 36 காலேஜ் பசங்க, 10 நிமிஷம் கேட்டுட்டு *அப்புறம்* டெஸ்ட் எழுதுனாங்க, பாட்டு ஓட ஓட இல்ல. டெஸ்ட்டும் பாடம் இல்ல, பேப்பர மடிச்சு வெட்டுனா எப்படி வரும்ங்கற மாதிரி. அந்த பலனும் கால் மணி நேரம்கூட தாண்டல. இத நம்பி 1998-ல அமெரிக்காவுல ஜார்ஜியா கவர்னர், பொறக்கற குழந்தைக்கெல்லாம் சிடி குடுக்கணும்னு பட்ஜெட்ல காசு கேட்டாரு, நீங்க பரவால்ல 😄

ஊட்டி_நைட்ஷிப்ட்: சரி விடுங்க. ஆனா புடிச்ச பாட்டுன்னா மூட் வரும்ல, அதுக்கு என்ன சொல்றீங்க? நைட்டு பத்து மணிக்கு இந்தக் குளிர்ல கம்பளிய போத்திட்டு உக்காந்தா தூக்கம்தான் வருது, பாட்டு இருந்தாதான் நான் கணக்கே போடறேன்.

கோத்தகிரி_டீச்சர்: அதையும் 2011-ல பாத்துட்டாங்க. புடிச்ச பாட்டு, புடிக்காத பாட்டு, மாறி மாறி வர்ற பேச்சு, மூணுலயும் மார்க் ஒரே மாதிரி இறங்குச்சு. ஒரே சொல்லு காதுல திருப்பித் திருப்பி ஓடுனப்பவும், சத்தமே இல்லாதப்பவும்தான் நல்லா செஞ்சாங்க.

ஊட்டி_நைட்ஷிப்ட்: அது எழுத்துகள வரிசை மாறாம ஒப்பிக்கற டெஸ்ட்தானக்கா, தனிவட்டி கூட்டுவட்டிக்கு ஏன் இழுக்கறீங்க. முழிச்சிருந்தாத்தான் மிச்சமெல்லாம்.

லைன்வீடு_குன்னூர்: இருங்க இருங்க, மாறி மாறி வர்ற பேச்சும் பாட்டும் ஒண்ணுன்னா, சீரியல மறைக்க நான் பாட்டு போட்டு என்ன புண்ணியம்??

கோத்தகிரி_டீச்சர்: அதேதான். உனக்கு வில்லன் சீரியல், மழை இல்ல. மழை ஒரே சீரா கொட்டற சத்தம், அது படிப்ப அவ்வளவா கெடுக்காது, வசனத்தையும் அமுக்கிடும். அது பெய்யறப்ப ஹெட்செட்ட கழட்டிட்டு மனப்பாடப் பகுதிய எடு.

லைன்வீடு_குன்னூர்: சீரியல் டெய்லி வருது, மழை டெய்லி வராதே அக்கா.

ஊட்டி_நைட்ஷிப்ட்: மழைய போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சு ஓட்டு, நீலகிரில உக்காந்துட்டு ஹெட்செட்ல மழை கேக்கற மொத ஆளு நீதான். கணக்குக்கு மட்டும் பாட்டு போட்டுக்கோ, அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

கோத்தகிரி_டீச்சர்: கணக்குக்கும் வரி இல்லாத பாட்டா போடச் சொல்லுங்க, வீணையோ புல்லாங்குழலோ.

ஊட்டி_நைட்ஷிப்ட்: புல்லாங்குழல் கேட்டா நான் குறட்டை விட்ருவேன்க்கா.

லைன்வீடு_குன்னூர்: சரி, இன்னிக்கு நைட்டு மழை ரெக்கார்ட் பண்றேன், ஆனா அப்பாகிட்ட இத யாரு சொல்றது? உள்ள ஓடறது மழையா பாட்டான்னு அவரு கேக்க மாட்டாரு, காதுல ஒயர் தொங்குதான்னு மட்டும்தான் பாப்பாரு.