பொருள்: ஒலிக்காத கீபோர்டுக்குத் தமிழில் என்ன பெயர்? 'ஏவுபலகை' என்கிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரண்டு வாரமாக நம் குழுவின் இந்த இழையைப் படித்துவருகிறேன். கணினியில் இணைத்து வாசிக்கிற மிடி கீபோர்டு கன்ட்ரோலருக்கு இதுவரை நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன: மிடி கட்டுப்படுத்தி, இசை விசைப்பலகை, சுரப்பலகை, இசையியக்கி. நான்கையும் சொல்லிப் பார்த்தேன், எழுதிப் பார்த்தேன், பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்த்தேன். எதுவும் அந்தக் கருவியைப் பற்றிய முதல் உண்மையைச் சொல்லவில்லை என்பதால்தான் இந்த நீண்ட மடல்.

முதல் உண்மை இதுதான்: அந்தக் கருவி ஒலிக்காது.

எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் சில பிள்ளைகளுக்குக் கைக்கணினியில் (டேப்லெட்டில்) இசையமைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒரு மாணவியின் அப்பா ஒரு நாள் போன் செய்தார். "கீபோர்டு வாங்கிட்டேன் சார். விளக்கு எரியுது, சத்தம்தான் வரல. கடையில குடுத்து வேற மாத்திட்டு வந்தேன், அதுலயும் வரல." இரண்டும் நல்ல கருவிகள்தான். விற்றவர் 'கீபோர்டு' என்று சொல்லி விற்றார், வாங்கியவர் கல்யாண மேடையில் பார்த்த கீபோர்டை நினைத்து வாங்கினார். உள்ளே ஒலிபெருக்கியும் இல்லை, ஒலியை உண்டாக்கும் சில்லும் இல்லை என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு வாரமாக அந்தப் பெண் தனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பெயர் சரியாக இருந்திருந்தால் அந்த வாரம் வீணாகியிருக்காது.

சரி, அப்படியென்றால் அந்தக் கருவி என்னதான் செய்கிறது? கட்டையை (கீயை) அழுத்தினால் மூன்று எண்களை அனுப்புகிறது. உதாரணமாக 144, 60, 100. 144 என்றால் 'முதல் தடத்தில் ஒலியை எழுப்பு'. 60 என்றால் நடு சி, அதாவது பியானோவின் நடுவில் இருக்கும் சி சுரம். 100 என்பது எவ்வளவு வேகமாகத் தட்டினோம் என்பதன் அளவு. விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி போகிறது, 'அந்த 60-ஐ நிறுத்து' என்று. அவ்வளவுதான். கைக்கணினியில் இருக்கும் செயலி அந்த எண்களை வாங்கிக்கொண்டு வீணையாகவோ பியானோவாகவோ ஒலிக்கிறது. செயலி திறந்திருக்கவில்லை என்றால் எண்கள் போய்க்கொண்டே இருக்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் மிடி என்று பெயர். இது 1983-இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600, ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்ததை மற்றொன்றில் ஒலிக்கச் செய்து காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் இரண்டு ஒரே மொழியில் பேசிக்கொண்டன. அதற்கு முன்னின்ற சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இக்குதாரோ காக்கேஹாஷிக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. அன்றைய கம்பியில் நொடிக்கு 31,250 பிட்டுகள் போகும். மூன்று எண் கொண்ட ஒரு செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. இன்றைக்கு யுஎஸ்பி கம்பியிலும் புளூடூத்திலும் போகிறது, ஆனால் 144, 60, 100 அப்படியேதான் இருக்கிறது.

கவனித்தீர்களா, அந்தச் செய்திகளைத் தமிழில் சொன்னால் எல்லாம் ஏவல் வினைகள்: எழுப்பு, நிறுத்து, கூட்டு, குறை, வளை. பள்ளிக்கூடத்தில் 'நட, வா, போ' என்று படித்தோமே, அதே ஏவல். கருவி தானாக ஒன்றும் செய்யாது, செய்யச் சொல்லி ஏவும். ஆகவே ஏவும் பலகை, ஏவுபலகை. எழுதுகோல், ஆடுகளம், ஏவுகணை போல வினைத்தொகை. அதனால் நடுவில் 'ப்' வராது, எழுதும்போது கவனிக்க வேண்டும்.

இப்போது உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

> மிடி கட்டுப்படுத்தி என்பதே நேரான சொல். அகராதியிலும் கன்ட்ரோலருக்கு அதுதான் இருக்கிறது.

ஐயா, அகராதியில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தமிழில் கட்டுப்படுத்துவது என்றால் அடக்குவது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்துகிறோம், சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறோம். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு பையன், "இது எதைக் கட்டுப்படுத்துது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இசையை அடக்கும் கருவி இல்லையே இது, எழுப்பும் கருவி.

அதோடு 'மிடி' சிக்கலும் இருக்கிறது. மிடி என்றால் தமிழில் வறுமை. மிடிமை என்ற சொல் நம் எல்லோருக்கும் தெரியும். தரத்தின் பெயராகத் தனியே வரும்போது அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், யுஎஸ்பியை வைத்துக்கொண்டதைப் போல. ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லோடு ஒட்டி 'மிடிப்பலகை' என்று எழுதினால் வறுமைப் பலகை என்றுதான் முதலில் படும். அதனால் கூட்டுச்சொல்லுக்குள் மிடி வேண்டாம் என்பது என் கருத்து.

> இசையியக்கி என்று வைத்தால் இனிமையாக இருக்கிறது.

இனிமைதான் அம்மா, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கணினித் தமிழில் இயக்கி என்பது, செருகிய கருவியைக் கணினி அறிந்துகொள்ள உதவும் டிரைவர் மென்பொருளுக்கு நிலைத்துவிட்டது. இந்தக் கருவிகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டிய நல்ல செய்தியே, இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி இயக்கி நிறுவ வேண்டியதில்லை என்பதுதான். யுஎஸ்பியின் பொதுத் தரத்தைப் பின்பற்றுகிற கருவி என்றால், செருகியதும் ஐபேட் அறிந்துகொள்ளும். 2010-இல் ஐஓஎஸ் 4.2 வந்ததிலிருந்தே அந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டு 2015-இல், 6.0 பதிப்பில்தான் மிடியை முறையாகச் சேர்த்துக்கொண்டது. இப்போது கையேட்டில் 'இசையியக்கிக்கு இயக்கி தேவையில்லை' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

இசை விசைப்பலகையும் சுரப்பலகையும் ஒலிக்கும் கீபோர்டுக்குத்தான் பொருத்தம். அவற்றை அதற்கே விட்டுவிடலாம். அழகான சொற்கள், வீணாகாது.

> ஏவல் என்றால் பில்லி, சூனியம், ஏவல் என்று மந்திரவாதம் நினைவுக்கு வராதா?

போன மாதம் வேறொரு இழையில் இந்தச் சொல்லைத் தொட்டபோது வந்த கேள்வி இது. 'ஏவல்' என்று தனியாக நின்றால் வரலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏவுகணையும் ஏவுதளமும் செய்தித்தாளில் அடிக்கடி வருகின்றன. ஸ்ரீஹரிகோட்டா என்று படிக்கும்போது யாருக்கும் சூனியம் நினைவுக்கு வருவதில்லை. 'ஏவு' என்ற பகுதி அறிவியல் தமிழில் நன்றாகக் குடியேறிவிட்டது. செய்திக்குப் பெயர் வேண்டும் என்றால் 'இசை ஏவல்' என்று சேர்த்தே சொல்லலாம்.

இன்னொரு தடை எனக்கே தோன்றியது. டேப்லெட்டைச் சிலர் பலகைக் கணினி என்கிறார்கள். அப்படி எழுதினால் 'ஏவுபலகையைப் பலகைக் கணினியில் செருகவும்' என்று வரும், நாக்கு சிக்கும். அதனால்தான் நான் கைக்கணினி என்று எழுதுகிறேன். அப்புறம், கைக்கணினியே ஏவும் வேலையைச் செய்வதும் உண்டு: அதன் திரையைத் தொட்டு மேசைக் கணினியில் இருக்கும் மென்பொருளை வாசிக்கலாம். அப்போது அந்த நேரத்துக்கு அதுவும் ஏவுபலகைதான். பெயர் வேலையிலிருந்து வந்ததால் இதற்கும் இடம் கொடுக்கிறது.

இனி உறுப்புகள். கீ என்பதற்கு 'விசை' என்றே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். தட்டச்சுக்கு அது சரி. இசைக்கு நம்மிடம் வேறு சொல் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன். ஆர்மோனியம் வாசிக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? கட்டை. "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று பாடகரைக் கேட்கிறோம், "ஐந்தரை" என்கிறார். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. கறுப்புக் கட்டைகள் அரைகள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெட்டியின் மரத்துண்டு, நம் ஊர்க் கச்சேரியில் சுருதியின் அளவாகவே ஆகிவிட்டது.

இது தமிழில் முதல் முறையும் இல்லை. யாழ் காலத்தில் சுரத்துக்கு நரம்பு என்று பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் ஏழு நரம்புகள். கம்பிக்கும் நரம்பு என்றே பெயர், அது எழுப்பும் ஒலிக்கும் நரம்பு என்றே பெயர். கை படுகிற இடத்தின் பெயரை ஒலிக்கு வைப்பது நம் பழக்கம். கட்டையும் அதே வழியில் வந்ததுதான். அப்படி இருக்க, செய்தியின் இரண்டாவது எண்ணான நோட் நம்பருக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம்: கட்டை எண்.

கட்டை எண் 0 முதல் 127 வரை. நடு சி 60 என்று பார்த்தோம். அதற்கு மேலுள்ள 'ஆறு கட்டை', அதாவது ஏ, 69, அதுதான் உலகமெங்கும் சுருதி சேர்க்கப் பயன்படுகிற 440 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டை 68, ஒரு ஸ்தாயி கீழே 56. வாய்ப்பேச்சில் ஐந்தரை என்றால் எந்த ஸ்தாயி என்று தெரியாது, எண்ணைச் சொன்னால் தெரிந்துவிடும். இதைப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் புரியவைக்க முடிந்தது, கட்டை என்ற சொல் வீட்டிலேயே கேட்டுப் பழகியது என்பதால்.

செய்தியின் மூன்றாவது எண்ணான வெலாசிட்டிக்கு 'அழுத்தம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறாகிவிடும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் பொதுவாக இரண்டு தொடுமுனைகள் இருக்கும். கட்டை கீழே இறங்கும்போது முதல் முனை தொட்ட நேரத்துக்கும் இரண்டாவது தொட்ட நேரத்துக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்றுதான் கருவி அளக்கிறது. அது அளப்பது வேகம், எடையல்ல. ஆகவே 'தட்டுவேகம்'. அழுத்தம் என்பது வேறு: கட்டை அடிவரை போன பிறகும் விரலை மேலும் அமுக்கினால், சில கருவிகள் அதையும் அளந்து அனுப்பும். ஆஃப்டர்டச் என்கிறார்கள். அதற்குத் 'தொடரழுத்தம்'. இரண்டையும் அழுத்தம் என்று எழுதிவிட்டால், மெதுவாகத் தட்டிவிட்டுப் பலமாக அமுக்குகிற பிள்ளைக்கு ஏன் ஒலி கூடவில்லை என்று விளக்கவே முடியாது. நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

திருகுவதற்குக் குமிழ். தட்டுகிற ரப்பர் சதுரங்களுக்குத் திண்டு. '25 கட்டை, 8 திண்டு, 8 குமிழ்' என்றால் கடையில் சொல்லி வாங்கலாம் போலிருக்கிறது. லேட்டன்சிக்குச் 'சுணக்கம்'. தாமதம் என்றால் ரயில் வருவது போலத் தோன்றுகிறது, சுணக்கம் என்றால் தட்டிய விரலுக்கும் கேட்ட காதுக்கும் நடுவில் உள்ள சின்ன இழுப்பு தெரிகிறது. புளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தால் சுணக்கம் வரும், கம்பி ஹெட்போன் மாட்டினால் பெருமளவு குறைந்துவிடும். பெரிய ஏவுபலகையைச் செருகியதும் மின்சாரம் போதவில்லை என்று கைக்கணினி சொன்னால், தனி மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப்பை நடுவில் வைக்க வேண்டும். ஹப்புக்கு நான் சொல் தேடவில்லை, அது ஹப்பாகவே இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சஸ்டெயின் பெடல். விரலை எடுத்த பிறகும் சுரத்தை நீட்டி நிறுத்துகிற மிதி. நம் இசையில் சுரத்தை நீட்டி நிற்பதற்குக் கார்வை என்று பெயர். ஆகவே 'கார்வை மிதி'. மிதித்தால் 64-ஆம் எண் கட்டுப்பாட்டில் 127 போகும், விட்டால் 0 போகும். பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. சொன்னதும் காலை வைத்துப் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

ஒன்றுதான் எனக்கு அகப்படவில்லை. இடது பக்கம் இருக்கும், சுரத்தைச் சற்று ஏற்றவும் இறக்கவும் உதவும் பிட்ச் பெண்ட் சக்கரம். நடுவில் 8192, இரு பக்கமும் சேர்த்து 16,384 படிகள். பெரும்பாலும் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வரை போகும். 'வளைசக்கரம்' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் நம் பிள்ளைகள் அதில் செய்வது வளைப்பது மட்டுமில்லை, கமகம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்க அந்தச் சக்கரம் ஒன்றுதான் அவர்களுக்கு வழி. 'கமகச் சக்கரம்' என்றால் கிட்டார் ஒலியை வளைக்கிறவருக்குப் பொருந்தாது. வீணையில் கம்பியை இழுத்துப் பிடிப்பதை வைத்து 'இழுசக்கரம்' என்றால் மாட்டுவண்டி போல இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வீணை வாசிக்கிறவர்கள் இந்தக் குழுவில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். கம்பியை இழுத்துச் சுரத்தை ஏற்றுவதற்கு உங்கள் ஆசிரியர் என்ன சொல் சொன்னார் என்று எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு முன் கையேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் காலியாக வைத்திருக்கிறேன்.