கோயில், பள்ளிவாசல், சபை: இளையவர் கையில் பொறுப்பைக் கொடுக்கும்போது

இலங்கையின் கிழக்கில் மூன்று இடங்களிலிருந்து எழுதியவை இவை.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து:

திருவிழா வந்தால் பொடியன்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. தோரணம் கட்டுவார்கள், வடம் பிடிப்பார்கள், தண்ணீர் சுமப்பார்கள். கூட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. பிறகு ஒருநாள், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்கு வயது போய்விட, கோயில் கணக்குத் தெரிந்த இளையவர் ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார்.

தொடங்க நல்ல இடம் அன்னதானம். உயர்தரப் பரீட்சை முடித்த இருவரிடம் ஒருநாள் அன்னதானத்தை முழுதாக விட்டுவிடுங்கள்; மதிப்பீடு, சாமான் வாங்குவது, கணக்கு எல்லாமே அவர்கள்தான். 100 பேருக்கு 12 கிலோ அரிசி என்று வைத்துத் தொடங்கலாம். பிழை வருவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: அடியார்கள் கொண்டுவந்து தரும் அரிசியும் தேங்காயும் பூசணியும் கொப்பியில் ஏறாது, காசுச் செலவு மட்டும் ஏறும். அடுத்த வருஷம் அந்தத் தொகையை நம்பி இறங்கினால் பாதியில் கை கடிக்கும். பொருளாக வந்ததையும் சந்தை விலை போட்டு எழுதப் பழக்குங்கள்.

அடுத்தது உண்டியல். இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. மூத்தவர் எண்ண, இளையவர் எழுதிக் கூட்டட்டும். அன்றைய பூச்செலவையும் ஐயர் தட்சணையையும் எண்ணிய காசிலிருந்தே கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போட்டால், கொப்பியும் வங்கிப் புத்தகமும் ஒருநாளும் ஒத்துவராது. முழுவதையும் வைப்பிலிட்டுவிட்டு, செலவைத் தனியாக எடுங்கள். ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று பயமுறுத்தத் தேவையில்லை. தன் கையால் பற்றுச்சீட்டு எழுதும் பிள்ளைக்கு அது விளங்கும்.

கண்ணகி அம்மன் கோயில்களில் சங்கடம் வேறு. பல ஊர்களில் வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் இறுதிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரையுள்ள சில நாட்களில் ஒருவரும் எதையும் படித்துவிட முடியாது. கண்ணகி கதையைப் பாடும் வழக்குரையையும் குளிர்த்திப் பாடலையும் தை மாதமே வீட்டில் சேர்ந்திருந்து பாடவைக்க வேண்டும். பூசை செய்யும் கட்டாடியார் பாடுவதைப் போனில் பதிந்து கொடுத்தால் ராகம் வரும். எங்கே மூச்சு விடுவது என்பது பக்கத்தில் இருந்தால்தான் பிடிபடும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

எங்களிடமும் குடிவழியில், அதாவது குலவழியில், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் வந்த வழக்கம் உண்டு. இப்போது பள்ளிவாசல் சொத்துகளைக் கண்காணிக்கும் வக்பு சபையில் பதிந்த நம்பிக்கையாளர் சபை. வாலிபர்களை முதலில் நோன்புக் கஞ்சிக் கணக்கில் பழக்கலாம், ஏழைகளுக்குப் பகிரும் கடமைக் கொடையான ஸகாத் வேலை அதற்குப் பிறகுதான். வீடுகளுக்கு இரண்டு பேராகப் போக வேண்டும், அதில் ஒருவர் வயதானவர். வீட்டு நிலைமையை வாசலில் நின்று எழுதக்கூடாது, திரும்பி வந்தபின் எழுதலாம். அடிக்கடி நடக்கும் கேடு, பொதி கொடுக்கும் படம் முகநூலில் ஏறுவது. வாங்கிய குடும்பம் அடுத்த வருஷம் கதவைத் திறக்காது, தேவை இருந்தாலும் சொல்லாது. வாங்குவோர் பட்டியல் அமானிதம், நம்பி ஒப்படைத்தது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

கிறிஸ்தவ சபையின் ஞாயிறு பாடசாலைக்கும் இதெல்லாம் பொருந்தும். இளையவர் பாடம் நடத்தும்போது மூத்தவர் பின் வரிசை வாங்கில் இருந்து கேட்கட்டும். தவறு கண்டால் பிள்ளைகள் போனபின் தனியே சொல்லுங்கள்; அவர்கள் முன் திருத்தினால் அந்தத் தம்பியோ தங்கச்சியோ மறுவாரம் வரமாட்டார்.

ஒரு பொறுப்புக்கு இருவரைப் பழக்குங்கள். ஒருவர் கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விடுவார். விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியது 1929 இல். 1931 இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பள்ளிக்கூடம் நடந்தது, பொறுப்பேற்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மேலே எழுதியவர்கள் தொடாத ஒன்று. குடி தாய்வழியில் வரும் மண் இது. அறநெறி வகுப்பானாலும் ஞாயிறு பாடசாலையானாலும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான் நடத்துகிறார்கள். நிர்வாகக் கூட்டத்தில் அவர்களைக் காண்பது அரிது. இது சரியில்லை. பொருளாளர் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

பதவி மாறும் நாளில் சாவி, காசோலைப் புத்தகம், நகை பாத்திரப் பட்டியல் எல்லாவற்றையும் சரிபார்த்து இருவரும் கையொப்பமிட வேண்டும். அதே வாரத்தில் வங்கிக்குப் போய்க் கையொப்பத்தையும் மாற்றிவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் புதியவர் ஒவ்வொரு காசோலைக்கும் பழையவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும்.