கார்டில் மூன்று மடங்கு கழிகிறது, கேட்டால் "நீங்கள்தான் வெளியேறும்போது வைக்கவில்லை" என்கிறார்கள்

மாலைவண்டி எழுதியது:

பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் பொதுவான ப்ரீபெய்டு கார்டு ஒன்றை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். காலையில் பஸ், ஆறாவது ஸ்டாப்பில் இறங்கி மெட்ரோ, மாலையில் அதே வழியில் திரும்புவேன். வாரத்தில் ஐந்து நாளும் இதே பயணம்தான். மாதத் தொடக்கத்தில் ஒரு முறை ரீசார்ஜ் செய்தால் நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை வரை வரும், இது எனக்கு மனப்பாடம்.

இந்த மாதம் அந்த வாரச் செவ்வாய்க்கிழமை மாலையே கேட் திறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, பேலன்ஸ் போதாது என்று திரையில் வருகிறது, பின்னால் நிற்கிறவர்கள் தள்ளாத குறை. பதறிப்போய் ஒதுங்கி நின்று போனில் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால், இந்த மாதத்தில் மட்டும் ஐந்து பயணங்களுக்குக் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். மூன்று மெட்ரோ பயணங்களில் வெளியேறிய பதிவு இல்லை என்று போட்டு, வழக்கமான கட்டணத்தில் மூன்று மடங்கு கழித்திருக்கிறார்கள். இரண்டு நாள் பஸ்ஸில் நான் கடைசி ஸ்டாப் வரை போனதாகக் கணக்கு. நான் அந்தக் கடைசி ஸ்டாப்பைப் பார்த்ததுகூட இல்லை.

உதவி எண்ணில் இருபது நிமிடம் காத்திருந்து பேசினேன். "நீங்கள் வெளியேறும்போது கார்டை வைக்கவில்லை மேடம், எங்கள் சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நான் வைத்தேன். டீட் சத்தம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனது மூன்று நாள் போய்வரும் பணம். வீட்டில் விட்டுவிடு என்கிறார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்பதுபோல அவர்கள் பேசியதுதான் அதைவிட வலிக்கிறது. யாராவது இப்படிப் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறீர்களா? என்ன சொல்லிக் கேட்டீர்கள்?

ஜன்னலோரம் எழுதியது:

விடாதீர்கள், கேளுங்கள். அதற்கு முன் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பேசுவது சுலபம்.

தூரத்துக்கு ஏற்ற கட்டணம் உள்ள எந்த அமைப்பிலும் நீங்கள் உள்ளே நுழையும்போது எங்கே போகப்போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் சில இடங்களில் நுழைவிலேயே அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்து வைத்துவிட்டு, வெளியே வரும்போது மீதியைத் திருப்பித் தருகிறது, வேறு சில இடங்களில் அடுத்த முறை நீங்கள் கார்டை வைக்கும்போது பழைய பயணம் முடியாமல் இருப்பதைப் பார்த்து அப்போது பிடிக்கிறது. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான், தனக்குத் தெரியாத இடத்தில் அது அதிகபட்சத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று மடங்கு அப்படி வந்ததுதான், உங்கள் மேல் போட்ட அபராதம் இல்லை. அதனால் "நான் எங்கே இறங்கினேன்" என்பதை நீங்கள் காட்டிவிட்டால் திருத்திக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலைக் கூட்டத்தில் ஆறு கேட்டும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும். நாம் கேட்டது பக்கத்து கேட்டின் சத்தமாகவும் இருக்கலாம். முன்னால் போனவருக்காகத் திறந்த கதவு மூடுவதற்குள் நாமும் போய்விடுவோம், கார்டு பதிவாகியிருக்காது, தடுக்கவும் யாரும் இல்லை. எனக்கு இரண்டு முறை நடந்தது. பச்சை விளக்கையும் திரையில் வரும் பேலன்ஸையும் பார்க்காமல் நான் இப்போது நகர்வதே இல்லை, பின்னால் இருப்பவர் முணுமுணுத்தாலும் சரி.

இன்னொன்று, கார்டைப் பர்ஸோடு சேர்த்து வைக்கிறீர்களா? உள்ளே வங்கிக் கார்டும் இருந்தால், இல்லை பின்னால் போன் இருந்தால், ரீடர் எதைப் படிக்கிறது என்று சொல்ல முடியாது. நுழையும்போது ஒரு கார்டு, வெளியேறும்போது இன்னொரு கார்டு என்று ஆகிவிட்டால் இரண்டு அரைகுறைப் பயணங்கள், இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம். வங்கிக் கணக்கையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பழையடிப்போ எழுதியது:

பஸ் டிப்போவில் டிக்கெட் மெஷின் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். பஸ் விஷயத்தை நான் சொல்கிறேன் அம்மா.

பஸ்ஸில் இருக்கும் ரீடருக்குத் தான் எந்த ஸ்டாப்பில் நிற்கிறோம் என்று யாராவது சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் சொல்லும், இல்லை டிரைவரோ கண்டக்டரோ தன் மெஷினில் ஸ்டேஜை நகர்த்த வேண்டும். ஜிபிஎஸ் குழம்பினாலோ, கூட்டத்தில் கை தவறி ஸ்டேஜைக் கூடுதலாக நகர்த்திவிட்டாலோ, நீங்கள் ஆறாவது ஸ்டாப்பில் கார்டை ஒழுங்காக வைத்தும் மெஷின் அதைக் கடைசி ஸ்டாப் என்று எழுதும். அது உங்கள் தப்பே இல்லை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டேட்மென்ட்டில் அந்த இரண்டு வரிகளை எடுத்து, இறங்கிய நேரம் என்று எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் காலியாக இருந்தால் நீங்கள் வைத்தது பதிவாகவில்லை. நேரம் இருந்து, அது நீங்கள் வழக்கமாக ஆறாவது ஸ்டாப்பில் இறங்கும் நேரமாகவே இருந்தால், தப்பு மெஷினில்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதே பஸ்ஸில் அன்றைக்கு இறங்கிய அத்தனை பேருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும், அவர்களில் பாதிப் பேர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

அப்புறம், அடுத்து எங்கே கார்டை வைத்தீர்கள் என்பதுதான் உங்களுக்குச் சாட்சி. பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிடத்தில் மெட்ரோவில் நுழைந்த பதிவு இருந்தால், நீங்கள் எப்படிக் கடைசி ஸ்டாப்பில் இருந்திருக்க முடியும்? மெட்ரோவுக்கும் இதே கணக்கைப் போடலாம். வெளியேறிய பதிவு இல்லை என்கிறார்கள், சரி, ஆனால் சில நிமிடங்களில் ஸ்டேஷன் வாசலில் பஸ் ஏறிய பதிவு இருக்கிறதே? அதை வைத்துக் கேளுங்கள். "நான் வைத்தேன்" என்று மட்டும் சொன்னால் கவுண்டரில் இருப்பவருக்கு எழுத எதுவும் இல்லை. பஸ் ஏறிய நேரத்தைச் சொன்னால் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

போனில் பேசாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். கார்டு எண், தேதி, நேரம், ரூட் எண், வண்டி எண் தெரிந்தால் அதுவும். கேட்டின் மேலேயோ ரீடரின் ஓரத்திலோ ஒரு எண் ஒட்டியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அந்த எண்தான் முதலில் வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் தனி வரியாக எழுதி, புகார் எண் வாங்காமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள்.

கணக்கர்7 எழுதியது:

சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது என்ற பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஹாங்காங்கின் ஆக்டோபஸ் கார்டு 1997இல் வந்தது, உலகம் முழுக்க இதற்கு முன்மாதிரி என்று சொல்கிறார்களே, அங்கேயே ரயில் நிலைய ரீசார்ஜ் மெஷின்களில் பாதியில் ரத்தான பரிவர்த்தனைக்கும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. 2007இல் வெளியே வந்தபோது முதலில் தெரிந்தது இரண்டே இரண்டு புகார்கள். நிறுவனம் தோண்டிப் பார்த்ததும் 2000ஆம் ஆண்டிலிருந்தே நடந்திருக்கிறது, மொத்தம் 15,270 முறை என்று அவர்களே சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் "சின்னத் தொகைதானே" என்று விட்டிருந்தால்? அதனால் மாலைவண்டி, நீங்கள் கேட்பது உங்களுக்காக மட்டும் இல்லை.

திரையில் கழித்த தொகையைப் பார்க்கிற உரிமையையும் நாம் லேசாக விட்டுவிடக் கூடாது. கணக்கு கார்டில் இல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் புது வகைக் கார்டுகள் பலவற்றில் கேட்டில் தொகை வராது, பிறகு ஆப்பில்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2024 ஜனவரியில் பழைய வகைக் கார்டுகளை நிறுத்திவிட்டு எல்லோரையும் அதற்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். எங்களுக்குக் கேட்டிலேயே பேலன்ஸ் தெரிய வேண்டும் என்று மக்கள் அவ்வளவு எதிர்ப்புத் தெரிவித்ததில் இரண்டு வாரத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டு பழையதையும் தொடர விட்டார்கள். அந்த ஒரு நொடி திரையில் வரும் எண்தான் தப்பு நடந்த இடத்திலேயே நமக்குத் தெரிய ஒரே வழி.

வழி மாறினாலும் கட்டணம் மாறும் இடங்கள் உண்டு. லண்டனில் நகர மையத்தைத் தொடாமல் சுற்றிப் போகிறவர்கள் மாறும் நிலையத்தில் இளஞ்சிவப்பு ரீடர் ஒன்றில் கார்டை வைக்க வேண்டும், வைக்காவிட்டால் மையம் வழியாகப் போனதாக எடுத்துக்கொண்டு அதிகம் கழிக்கும். உங்கள் வழியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்வழி எழுதியது:

எதற்கு இவ்வளவு? ரீசார்ஜ் செய்த வங்கிக் கார்டில் டிஸ்பியூட் போடுங்கள், அதாவது அந்தப் பணத்தை மறுத்து வங்கியில் புகார் கொடுங்கள், வங்கி திருப்பி வாங்கித் தரும்.

ஜன்னலோரம் எழுதியது:

நேர்வழி, அது வேண்டாம். வங்கியைப் பொறுத்தவரை அந்த ரீசார்ஜ் சரியாகத்தான் நடந்திருக்கிறது, பணம் கார்டில் ஏறியிருக்கிறது. அதை மறுத்தால் போக்குவரத்து நிறுவனம் கார்டையே முடக்கிவிடலாம், மிச்சம் இருக்கும் பேலன்ஸும் மாட்டிக்கொள்ளும். ரீசார்ஜே ஏறாமல் பணம் போயிருந்தால் அப்போது வங்கிக்குப் போகலாம்.

மூன்றாம்பெட்டி எழுதியது:

இதைப் படித்துவிட்டு என் அப்பாவின் கார்டைப் பார்த்தேன். முதியோர் சலுகை ஐந்து மாதத்துக்கு முன்பே காலாவதியாகி, அதிலிருந்து முழுக் கட்டணம் போய்க்கொண்டிருக்கிறது. கேட் வழக்கம்போலத் திறக்கிறது, அவருக்கு எப்படித் தெரியும்? "இப்போதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்று இரண்டு முறை சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. சலுகைக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்களோ மாணவர்களோ வீட்டில் இருந்தால் இன்றைக்கே அந்தத் தேதியைப் பாருங்கள்.

மாலைவண்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையடிப்போ ஐயா, உங்களுக்குத் தனியாக.

ஸ்டேட்மென்ட்டை அச்சடித்து ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். பஸ் இரண்டிலும் இறங்கிய நேரம் இருக்கிறது! ஒரு நாள் 8.12க்குக் கடைசி ஸ்டாப்பில் இறங்கியதாக இருக்கிறது, அடுத்த வரியில் 8.17க்கு என் மெட்ரோ நிலையத்தில் நுழைந்திருக்கிறேன். கடைசி ஸ்டாப் அங்கிருந்து இன்னும் அரை மணி நேரம். இன்னொரு நாளும் கிட்டத்தட்ட அப்படியே. இரண்டு வரிக்கும் அடியில் கோடு போட்டு எழுத்தில் கொடுத்தேன். ஒன்பதாவது நாள் இரண்டையும் திருத்திவிட்டதாகச் செய்தி வந்தது. பணம் தானாகக் கார்டில் ஏறவில்லை, ஸ்டேஷனில் ரீசார்ஜ் மெஷினில் கார்டை வைத்த பிறகுதான் ஏறியது, இதை அவர்கள் சொல்லவே இல்லை. திருத்தியும் வரவில்லையே என்று நினைப்பவர்கள் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

மெட்ரோ மூன்றும் மாலையில், ஒரே நிலையத்தில். மறுநாள் போய் நின்று பார்த்தேன். வலது ஓரத்தில் இருக்கும் அகலமான கேட், பெட்டியோடும் சக்கர நாற்காலியோடும் வருகிறவர்களுக்கானது, கூட்ட நேரத்தில் மூடுவதே இல்லை. நான் தினமும் அதில்தான் வருகிறேன். கார்டை வைத்தேன், பச்சை வரவில்லை. மறுபடி அழுத்தி வைத்த பிறகுதான் வந்தது. ரீடரின் மேல் மூலையில் பிளாஸ்டிக் கீறி வெளுத்துப்போயிருந்தது. அங்கே பணியில் இருந்த அக்காவிடம் காட்டினேன், "இது ஒரு வாரமாக இப்படித்தான்மா, எழுதிக் கொடுத்திருக்கிறோம்" என்றார். அவரிடமே கேட் எண்ணை வாங்கிப் புகாரில் சேர்த்தேன். ஜன்னலோரம் சொன்னதும் சரிதான், நான் கேட்ட சத்தம் பக்கத்து கேட்டின் சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றில் இரண்டு நாளில் ஆறேழு நிமிடத்தில் வெளியே பஸ் ஏறிய பதிவு இருந்தது, அந்த இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஒரு வெள்ளிக்கிழமை, தோழியின் வண்டியில் போனேன், அடுத்த பதிவு திங்கள் காலையில்தான் இருக்கிறது. அதை மறுத்துவிட்டார்கள். அதே கேட், அதே வாரம், ரீடர் பழுது என்று அவர்கள் ஆளே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைக் குறிப்பிட்டு நேற்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

பழையடிப்போ எழுதியது:

நல்லது அம்மா. பதிலில் ரீடர் பழுதுபார்த்த தேதியைக் கேளுங்கள். கெட்ட ரீடர் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று ரெஜிஸ்டரில் இருக்கும், வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் வந்தால் அவர்கள் மறுக்க முடியாது.